வட்டமாக உட்கார்ந்து கற்றது: குன்னூரில் ஒரு குழு சிகிச்சைப் பயிற்சி

குன்னூரில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மேடம், நான் இங்க வந்தது வெளியில தெரியாதுல்ல?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோத்தகிரி பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டில் சித்தப்பா, பின்சீட்டில் பழைய டீச்சர் என்று இருக்கிற ஊர் இது. ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். எஸ்டேட் லைன் வீடுகளில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஏழெட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்து மனதில் இருப்பதைப் பேசச் சொல்லும் குழு சிகிச்சை எப்படி நடக்கும் என்று சக ஆலோசகர்கள் கேட்கிறார்கள்.

நடக்கும். எப்படி என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்பு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாழ்நாளில் ஒரு குழுகூட நடத்தப் போவதில்லை என்று முடிவு செய்தவர்களும் குழு சிகிச்சைப் பயிற்சியை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் அது எனக்கு அதிகமாகக் கைகொடுத்தது, ஒருவரோடு தனியாக உட்கார்ந்து பேசும் அன்றாட வேலையில்தான்.

பயிற்சி மாதம் ஒரு சனி ஞாயிறு. ஊரில் ஒரு பழைய பங்களாவின் ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கோவைக்காரர்கள் மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறி வருவார்கள். ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றி வர வேண்டியிருக்கும். கூடலூர்க்காரர் ஒருவர் விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். மனநல மருத்துவர் ஒருவர், பள்ளி ஆலோசகர்கள், போதை மறுவாழ்வு மையத்தில் வேலை செய்பவர், சமூகப் பணி படித்தவர்கள், என்னைப் போலத் தனியாக அறை வைத்திருப்பவர்கள் என்று கலவையான கூட்டம்.

காலையில் பாடம் நடக்கும். மதியத்துக்கு மேல் நாங்களே உறுப்பினர்களாக உட்காரும் அனுபவக் குழு. பிந்தைய மாதங்களில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு குழுவை நடத்த, மற்றவர்கள் கவனித்து, முடிந்ததும் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து அலசுவோம். பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளலாம். மேற்பார்வை வேறு பயிற்சிகளிலும் உண்டு. நடுவில் இருக்கும் அந்த அனுபவக் குழுவைத்தான் வேறு எங்கும் பெற முடியாது.

முதல் நாள் மதியம் பயிற்சியாளர் வந்து உட்கார்ந்தார். "ஒன்றரை மணி நேரம் இருக்கு. இங்க பேசுறது இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஆரம்பிக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மற்ற எல்லாருடைய பார்வையும் பயிற்சியாளர் பக்கம் போனது. அவர் ஒன்றும் சொல்லாததால் மெல்ல அந்த மனநல மருத்துவர் பக்கம் திரும்பியது. அவர் வயதில் மூத்தவரும் கிடையாது. ஆனாலும் "டாக்டர், நீங்க ஆரம்பிங்களேன்" என்றார் ஒருவர். அவரும் பெரிய மனதோடு ஆரம்பித்தார். மற்றவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி.

மறுநாள் பாடத்தில் வில்ஃப்ரெட் பியோன் வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் மனம் உடைந்த சிப்பாய்களோடு குழுவாக வேலை பார்த்த மருத்துவர். ஒரு குழு தன் வேலையைச் செய்வதுபோல் வெளியே தெரிந்தாலும், உள்ளே சில நேரம் வேறு ஒரு நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருக்கும் என்று அவர் கவனித்தார். நம்மைக் காப்பாற்ற ஒருவர் வருவார் என்று காத்திருப்பது அதில் ஒன்று. எதிரியைத் தேடிச் சண்டை போடுவது அல்லது தப்பி ஓடுவது இன்னொன்று. இரண்டு பேர் ஜோடி சேர்ந்து பேச, அவர்களிடமிருந்து ஏதோ நல்லது பிறக்கப் போகிறது என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது மூன்றாவது. நேற்று மழைச் சத்தத்தில் நாங்கள் டாக்டரைப் பார்த்தது முதல் வகை என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களை வருடக்கணக்கில் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். எங்களுக்கே அந்தக் காத்திருப்பு அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது. ஆகவே எதிரே உட்காரும் ஒருவர் "நீங்களே சொல்லுங்க மேடம்" என்று கேட்கும்போது அவர் மேல் எரிச்சல் வர வழியே இல்லை. நானும் அங்கே உட்கார்ந்திருந்தவள்தானே.

இது எப்படி வேலைக்கு வந்தது என்பதற்கு ஓர் உதாரணம். இங்கே வருகிற நபர்களின் விவரங்களை எல்லாம் அடையாளம் தெரியாதபடி மாற்றியும் கலந்தும்தான் எழுதுகிறேன். மனைவியை இழந்த பெரியவர் ஒருவர், சிறு தேயிலை விவசாயி. பச்சைத் தேயிலை விலை, தோட்டத்தில் கவாத்து, மகன் பெங்களூரில் இருப்பது என்று பேசிவிட்டு, ஒவ்வொரு முறையும் கடைசியில் "நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்பார். ஒருநாள் கேட்டேன். "ஐயா, நான் சொல்லணும்னு காத்திருக்கீங்க. நான் சொல்லாம இருந்தா உங்களுக்கு என்ன ஆகுது?" கொஞ்ச நேரம் கைத்தடியின் பூணைத் திருகிக்கொண்டே இருந்தார். "கோபம் வருது" என்றார். இருந்த வரை வீட்டில் எல்லாவற்றையும் மனைவிதான் முடிவு செய்தார் என்பதும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமலே போய்விட்டாள் என்ற கோபம் தனக்கு இருப்பதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. இறந்தவர் மேல் கோபப்படுவது பாவம் என்று அதுவரை அடக்கி வைத்திருந்தார். நான் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

இங்கே, இப்போது, நம் இருவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்கும் துணிச்சலைத்தான் பயிற்சி எனக்குக் கொடுத்தது. தனியாள் சிகிச்சையிலும் இதைச் செய்யலாம் என்று எல்லாரும் படித்திருப்போம். ஆனால் அப்படி ஒரு கேள்வி தன்னிடம் வரும்போது உடம்பில் என்ன நடக்கும் என்று அனுபவித்த பிறகு கேட்கும் விதமே வேறாகிவிடும். குரல் தணியும், அவசரம் போய்விடும், பதிலுக்குக் காத்திருக்கத் தெரியும்.

ஜன்னல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மதியம், குழுவில் ஒரு பெண் தன் தம்பியின் மரணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து அழுதுவிட்டார். அந்த நேரம் பார்த்து எதிரே இருந்த தோழர் ஒருவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது உண்மைதான். கொக்கி துருப்பிடித்திருந்ததால் இரண்டு மூன்று முறை தட்டித்தான் மாட்ட முடிந்தது. அவர் திரும்பி வந்து உட்காரும்போது அந்தப் பெண் கண்ணைத் துடைத்துவிட்டு, "சரி, அடுத்தவங்க பேசுங்க" என்றார். பயிற்சியாளர் விடவில்லை. "இப்ப என்ன நடந்தது?" என்றார். அமைதி. பிறகு அந்தப் பெண் சொன்னார், "அண்ணா எழுந்து போனதும், போதும் நிறுத்துன்னு சொன்ன மாதிரி இருந்தது." தோழர் பதறிப்போனார். குளிருமே என்றுதான் எழுந்தேன் என்றார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார். "எங்க வீட்டுல அம்மா அழுதா, அப்பா எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி வைப்பார். நாங்க ஆளுக்கு ஒரு வேலையா எழுந்து போயிடுவோம்." அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அந்தப் பெண் தன் நாற்காலியை அவர் பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டார்.

இத்தனைக்கும் நடந்தது பத்து நிமிடம்கூட இருக்காது. ஆனால் குடும்பத்தில் கற்றதைக் குழுவில் மறுபடி செய்வதும், வீட்டில் கிடைக்காத பதில் இங்கே கிடைப்பதும் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. குழுவில் மனிதர்களைத் தேற்றும் காரணிகள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் பதினொன்றைச் சொல்கிறார். அவற்றில் இதுவும் ஒன்று. பட்டியலை மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதை மறக்கவே முடியாது. இப்போது என் அறையில் யாராவது அழும்போது நான் தண்ணீர் பாட்டிலை நகர்த்துவதில்லை, டிஷ்யூ டப்பாவைத் தள்ளுவதில்லை. இரண்டும் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. வேண்டும்போது எடுத்துக்கொள்வார்கள்.

நம் ஊர்க் குழுக்களில் மரியாதை பெரிய விஷயம். மேலை நாட்டுப் பாடங்களில் இதற்கு அதிக இடம் இல்லை. வயதில் மூத்தவரிடம் "நீங்க பேசினது எனக்கு வலிச்சது" என்று நேராகச் சொல்ல நாக்கு எழாது. எல்லாரும் ஒருவரை ஒருவர் அக்கா, அண்ணா, சார், மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டோம். பயிற்சியாளர் அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் யாரிடம் கோபம் வந்தால் 'அக்கா' திடீரென்று 'மேடம்' ஆகிறது என்பதைக் கவனிக்கச் சொன்னார். அதன் பிறகு தினமும் கவனிக்கிறேன். கூப்பிடுவதில் வரும் இந்த இறக்கம் ஏற்றம் தனியாள் சிகிச்சையிலும் உண்டு. வழக்கமாக 'அக்கா' என்று கூப்பிடும் பெண் ஒருநாள் 'மேடம்' என்றால், போன வாரம் நான் சொன்ன ஏதோ ஒன்று உறுத்தியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அதைக் கேட்டுவிடுவேன்.

இன்னொன்று, குழுவுக்குள் குழு. எங்களில் படுகர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இடைவேளையில் தங்கள் மொழியில் பேசிச் சிரிப்பார்கள். அது மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருநாள் பேச்சு வந்தது. சமவெளியிலிருந்து வந்த ஒருவர், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று தோன்றும் என்றார். அவர்களில் ஒருவர், தமிழில் பேசினால் வேலை, படுகில் பேசினால்தான் மூச்சு என்றார். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே அறையில் வைத்துக் கேட்க முடிந்தது பெரிய பாடம். எஸ்டேட்டுக்காரர், ஹட்டிக்காரர், கூடலூர் மலையாளக் குடும்பம், ஆதிவாசி கிராமத்து இளைஞர் என்று பலதரப்பட்டவர்கள் வரும் மலை இது. நான் யாராக அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறேன் என்ற கேள்வி முதல் சந்திப்பிலேயே அறைக்குள் வந்துவிடுகிறது.

நார்த்ஃபீல்டில் வேலை பார்த்த இன்னொரு மருத்துவர் எஸ்.எச். ஃபூல்க்ஸ். தனிமனிதர் என்பவர் ஓர் உறவு வலையில் விழுந்த முடிச்சு, வலையை விட்டுவிட்டு முடிச்சை மட்டும் பார்க்க முடியாது என்பது அவர் பார்வை. இது நம்மவர்களுக்குப் புதிது கிடையாது. ஆனால் சிகிச்சை அறைக்குள் நுழைந்ததும் நாம் இதை மறந்துவிட்டு, எதிரே இருப்பவர் ஒற்றை ஆள் போலக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுகிறோம். பயிற்சிக்குப் பிறகு நான் என் அறையில் கூடுதலாகச் சில மடக்கு நாற்காலிகள் வைத்திருக்கிறேன்.

கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களில் பலருக்கு வேலை கொடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டங்களே இங்கே வந்தன. அவளுக்குப் படிப்பில் குறை இல்லை. எந்த இடத்திலும் மனம் ஒட்டவில்லை என்றாள். "உங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் இப்ப இங்க வந்தா யார் எங்க உட்காருவாங்க?" என்று கேட்டு நாற்காலிகளைப் போடச் சொன்னேன். அப்பா நடுவில். அம்மா அடுப்படிப் பக்கம் என்று ஓரமாக. பாட்டிக்கு வாசலை ஒட்டி. "பாட்டி எப்பவும் அங்கதான் உட்காரும், உள்ள வந்து உட்காராது" என்றாள். "நீ எங்கம்மா?" என்றேன். யோசிக்காமல் பாட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டாள். பிறகு அதை அவளே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் அடுத்த சில மாத வேலை அங்கிருந்து தொடங்கியது.

இனி, மலையில் குழு நடக்குமா என்ற கேள்வி. பயிற்சி முடிந்ததும், குடிநோய் உள்ளவர்களின் மனைவிமாருக்காக ஒரு குழு ஆரம்பித்தோம். என்னோடு நடத்துபவர் அனுபவமுள்ள சமூகப் பணியாளர் ஒரு அக்கா. இடத்துக்கு ரொம்ப யோசித்தோம். கவுன்சலிங் என்று போர்டு இருக்கும் இடத்துக்குள் நுழைவதை ஊர் பார்க்கும். கடைசியில் ஒரு தையல் பயிற்சி மையத்தின் பின்னறை கிடைத்தது. அங்கே பெண்கள் வருவதும் போவதும் யாருக்கும் செய்தி கிடையாது. சேர்வதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்து, குழுவில் யார் யார் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று பெயர் சொல்லாமல் சொன்னோம். நெருங்கிய சொந்தம் வந்துவிடும் என்று தெரிந்தால் வேறு ஏற்பாடு செய்தோம். இந்தத் தனிச்சந்திப்பைத் தவிர்த்துவிட்டு யாரும் குழு தொடங்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். தற்கொலை எண்ணத்தின் உச்சத்தில் இருப்பவரை, நிதானத்தில் இல்லாதவரை, மனச்சிதைவு தீவிரமாக இருக்கும் நேரத்தில் ஒருவரை இப்படிப்பட்ட குழுவில் உட்கார வைப்பது அவருக்கும் நல்லதில்லை, குழுவுக்கும் நல்லதில்லை. முதலில் மருத்துவர், தனி கவனிப்பு. அவசரத்துக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணை எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

மார்க்கெட்டில் சந்தித்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். எங்கள் குழுவில் எடுத்த முடிவு: சிரிக்கலாம், நலம் விசாரிக்கலாம், குழுவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, வெளியில் ஏதாவது பேசியிருந்தால் அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். நேரமும் அப்படித்தான். காட்டெருமை வழியில் நின்றால் பஸ் நிற்கும், அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனாலும் கூட்டம் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கும், சொன்ன நேரத்துக்கு முடியும். வராதவருடைய நாற்காலியை எடுப்பதில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டிய பெண்களுக்கு நேரத்துக்கு முடிப்பதுதான் நாம் காட்டும் முதல் மரியாதை.

அந்தக் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காலி மது பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. உடைந்த பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்பதால் வந்த நல்ல திட்டம். ஒருநாள் ஒரு பெண் தலையைக் குனிந்தபடி சொன்னார். "வீட்டுக்காரர் குடிச்சுப் போட்ட பாட்டிலை நான்தான் பையில கட்டி எடுத்துட்டுப் போறேன். அந்தக் காசுலதான் பால் வாங்குறேன்." அறை அப்படியே நின்றது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார், இருவரும் பேசாமல் இருந்தோம். வட்டத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல்: "நான் மழை நாளாப் பார்த்துதான் போவேன். குடைக்குள்ள மூஞ்சி தெரியாது." தலை குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். அந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் எவ்வளவு நல்ல சிகிச்சையாளராக இருந்தாலும் அந்தக் குடை வார்த்தையை என்னால் சொல்லியிருக்க முடியாது. "இது உங்களுக்கு மட்டும் இல்லம்மா" என்று நான் சொன்னால் அது ஆறுதல். அதே வலியில் இருக்கும் இன்னொருத்தி சொன்னால் அது சாட்சி. 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஏழைக் காசநோயாளிகளை ஒன்றாக உட்கார வைத்து வகுப்பு எடுத்தபோது, அவர் சொல்லிக் கொடுத்ததோடு, அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் தெம்படைந்ததும் வேலை செய்தது. நூறு வருடத்துக்கும் மேலாக இந்தச் சிகிச்சையின் அடித்தளம் அதுதான். இதைப் பார்த்த பிறகு தனியாகச் சந்திப்பவர்களிடமும் எல்லாவற்றையும் நானே கொடுக்க வேண்டும் என்று நினைப்பதில்லை. உங்களைப் போன்ற இன்னொருவரைத் தெரியுமா, அவரிடம் பேச முடியுமா என்று கேட்கிறேன். மதுவை விட நினைப்பவர்களை, குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்கு அனுப்பும்போதும், போய் வந்ததும் அங்கே யார் பேசியது மனதில் நின்றது என்று கேட்டுப் பேசுகிறோம்.

பயிற்சியில் சேர நினைப்பவர்கள் சேருவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் உறுப்பினராக உட்காரும் அனுபவக் குழு இருக்கிறதா? அதை நடத்துபவரே உங்களுக்கு மதிப்பெண் போடுகிறவரா? அப்படியென்றால் மனம் திறப்பது கஷ்டம், வேறு இடம் பாருங்கள். நீங்கள் நடத்தும் குழுவுக்கு மேற்பார்வை உண்டா? இரண்டு நாள் பட்டறையில் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் அறிமுகம் மட்டும் கிடைக்கும். ஒரே ஆட்கள் மாதக்கணக்கில் சேர்ந்து உட்காரும்போதுதான் மனஸ்தாபம் வருவதையும் அது தீருவதையும் பார்க்க முடியும். அங்கே உங்கள் சொந்த வலி கிளறப்படும். அதற்கென்று தனியாக ஒரு சிகிச்சையாளரைப் பார்த்துக்கொள்வது நல்லது, குழுவே அதைத் தீர்த்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

பயிற்சி கிடைக்காதவர்கள் சக ஆலோசகர்களைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை உட்காரலாம். நாங்கள் அதைத் தொடர்கிறோம். ஒருவர் தன்னிடம் வருபவரைப் பற்றிப் பேசுவார், பெயரும் ஊரும் சொல்லாமல். மற்றவர்கள் தீர்வு சொல்லக் கூடாது. கேட்கும்போது தங்களுக்கு என்ன தோன்றியது, உடம்பில் என்ன ஆனது என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தூக்கம் வந்திருக்கும், ஒருவருக்குக் கோபம், ஒருவருக்கு அந்த நபரின் குழந்தை மேல் கவலை. பேசியவர் தன் அறையில் கவனிக்காமல் விட்ட முகங்கள் அதில் தெரியும். வீடியோவில் நடத்திப் பார்த்தோம், மழைக்காலத்தில் நெட்வொர்க் விட்டுவிட்டு வருவதால் அழுகிறவர் பாதியில் உறைந்து நிற்கிறார். அதனால் நேரில்தான். குன்னூரில் ஒருமுறை, கோத்தகிரியில் ஒருமுறை என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறோம். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இவ்வளவு தூரம் வந்து போவது சிரமம் என்பதால் அங்கேயே ஒன்று தொடங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆட்கள் தயார், போர்டு இல்லாத ஓர் அறைதான் இன்னும் அமையவில்லை.